ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம்: விர்ச்சுவல்பாக்ஸ் ஏன் மக்கர் செய்கிறது?

"புது லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் இன்ஸ்டால் செய்து லினக்ஸ் போட்டேன். மிக மெதுவாக ஓடுகிறது. விண்டோவின் அடியில் ஒரு பச்சை நிற ஆமைப் படம் வேறு தெரிகிறது. இது ஏதாவது வைரஸா?" எங்கள் தூத்துக்குடியில் இந்தக் கேள்வியை இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. மாலை நேரங்களில் வீடுகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் சென்று கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பது என் வேலை. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு வகையினர், பாடத்திற்காக லினக்ஸ் பழக வேண்டிய கல்லூரி மாணவர்கள். மற்றவர்கள் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தினர். பழைய கம்ப்யூட்டர் பழுதாகிப் புதியது வாங்கி இருப்பார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக் கணக்கு இருக்கும் பழைய புரோகிராம் மட்டும் அதில் ஓடாது.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். ஆமை வைரஸ் அல்ல. உங்கள் கம்ப்யூட்டருக்குள் இரண்டு புரோகிராம்கள் ஒரே இடத்திற்குப் போட்டி போடுகின்றன என்பதன் அடையாளம் அது. இந்தப் போட்டி தெரியாமல் இணையத்தில் கண்ட யோசனைகளை எல்லாம் செயல்படுத்தினால், லினக்ஸ் வேகமாக ஓடலாம்; ஆனால் நெட் பேங்கிங் செய்யும் அதே லேப்டாப்பின் பாதுகாப்புக் கதவு ஒன்று திறந்து கிடக்கும். எனவே என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கிய போது அவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு சிஸ்டங்கள் இருந்தன. பாஸ் லினக்ஸ் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஸ்விட்ச் போட்டதும் "எது வேண்டும்?" என்று ஒரு மெனு கேட்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது தூங்கும். இதற்கு டூயல் பூட் என்று பெயர். இதில் சண்டைக்கு இடமே இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

விர்ச்சுவல் மெஷின் அப்படி அல்ல. விண்டோஸ் ஓடிக் கொண்டிருக்கும் போதே, அதற்குள் ஒரு விண்டோவில் லினக்ஸ் ஓடும். வெளியே இருக்கும் சிஸ்டத்தை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதைக் கெஸ்ட் என்றும் அழைப்பார்கள். உள்ளே இருக்கும் கெஸ்ட், தனக்கென்று ஒரு முழு கம்ப்யூட்டர் இருப்பதாகவே நினைத்துக் கொள்ளும்.

எங்கள் கடற்கரையில் முத்துக் குளிப்பு 1961-உடன் நின்று போய்விட்டது. சங்கு குளிப்பு மட்டும் தொடர்கிறது. படகில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்துக் கொண்டுதான் குளியாள் கடலடியில் நடமாடுவார். கெஸ்ட் சிஸ்டமும் அப்படித்தான். அது வாங்கும் ஒவ்வொரு மூச்சும் ஹோஸ்ட் தரும் ராம் மெமரி. உங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தால், கெஸ்ட்டிற்கு 4 ஜிபிக்கு மேல் தராதீர்கள். படகிலேயே காற்று இல்லாவிட்டால் இருவருக்கும் ஆபத்து.

இந்த வேலையைச் செய்யும் புரோகிராம்கள் பல உண்டு. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 1999-இல் வந்தது. இது ஒரு நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. உள்ளே எப்படி எழுதி இருக்கிறார்கள் என்பதை நாம் பார்க்க முடியாது. மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வியும் இதே வகை. ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் எழுதிய விர்ச்சுவல்பாக்ஸ் 2007 ஜனவரியில் ஓப்பன் சோர்ஸாக வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு சன் நிறுவனம் இன்னோடெக்கை வாங்க, 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கே.வி.எம். 2007 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டது. அதுவும் ஓப்பன் சோர்ஸ்.

சண்டை எங்கே தொடங்குகிறது?

தொடக்கத்தில் இந்த வேலை முழுவதும் சாப்ட்வேர் தந்திரங்களால் நடந்தது. 2005-இல் இன்டெல், வி.டி.-எக்ஸ் என்ற வசதியைப் பிராசசரிலேயே வைத்தது. 2006-இல் ஏ.எம்.டி. தன் ஏ.எம்.டி.-வி வசதியைத் தந்தது. இதனால் காலப்போக்கில் கெஸ்ட் சிஸ்டங்கள் வேகமாக ஓடத் தொடங்கின.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வெளி நாட்டுக் கப்பல் ஒன்று வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திற்குள் நுழையும் போது, துறைமுகத்தின் பைலட் ஒருவர் கப்பலில் ஏறி வழி சொல்லி உள்ளே கொண்டு வருவார். ஒரு கப்பலுக்கு ஒரு பைலட். இரண்டு பேர் ஏறி ஆளுக்கொரு பக்கம் திருப்பச் சொன்னால் என்ன ஆகும்? பிராசசரின் இந்த வசதியும் அவ்வாறே. அதை நேரடியாகக் கையில் எடுத்துக் கொண்டு மெஷின்களை நடத்தும் புரோகிராமிற்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒரு ஹைப்பர்வைசர்தான் அந்த இடத்தில் இருக்க முடியும். இரண்டாவதாக வருபவர், இருப்பவரிடம் கேட்டு வேலை செய்ய வேண்டும். அல்லது திரும்பிப் போக வேண்டும்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், சர்வர் அல்லாத கம்ப்யூட்டருக்கான விண்டோஸின் சில பதிப்புகளிலும் ஹைப்பர்-வி இடம் பெற்றது. அப்போது நாமாக ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும். விண்டோஸ் 11 போட்டு வரும் புதிய லேப்டாப்களில் நிலைமை வேறு. நீங்கள் எதையும் ஆன் செய்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் மெமரி இன்டக்ரிட்டி என்னும் பாதுகாப்பு வசதி பெரும்பாலும் ஆன் ஆகவே வருகிறது. இது ஹைப்பர்-வியின் அதே ஹைப்பர்வைசரைக் கொண்டு மெமரியில் தனி அறை ஒன்றைக் கட்டி, சிஸ்டத்தின் மையத்திற்குள் நுழையும் டிரைவர்களை அங்கே வைத்துச் சோதிக்கிறது. ஆக, கம்ப்யூட்டர் பூட் ஆகும் போதே பைலட் ஏறி விட்டார். நீங்கள் சாவகாசமாக விர்ச்சுவல்பாக்ஸை இன்ஸ்டால் செய்யும் போது இடம் காலியில்லை.

முன்பெல்லாம் இந்நிலையில் விர்ச்சுவல்பாக்ஸ் "வி.டி.-எக்ஸ் கிடைக்கவில்லை" என்று ஒரு பிழைச் செய்தியைக் காட்டி நின்று விடும். 2018 டிசம்பரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.0, ஹைப்பர்-வியிடமே கேட்டு அதன் வழியாக ஓடக் கற்றுக் கொண்டது. அப்படி ஓடும் போது காட்டப்படும் அடையாளம்தான் அந்த ஆமை. விஎம்வேரும் 2020-இல் வந்த 15.5.5 பதிப்பில் இதே வழிக்கு வந்தது. பணம் வாங்கி விற்ற விஎம்வேரும், ஓப்பன் சோர்ஸான விர்ச்சுவல்பாக்ஸும் விண்டோஸின் முன்னால் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டி இருந்தது என்பதைக் கவனியுங்கள். சாப்ட்வேர் தந்திரத்தால் ஓடும் பழைய வழியையும் விர்ச்சுவல்பாக்ஸ் 2019-இல் 6.1 பதிப்புடன் நீக்கி விட்டது. எனவே பிராசசர் வசதி இல்லாமல் இப்போது அது ஓடாது.

இடத்தைப் பிடித்திருப்பவர் யார்?

எதையும் மாற்றும் முன்னர் இதைப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் பெர்பார்மன்ஸ் டேப் சென்று சி.பி.யு. என்பதைக் கிளிக் செய்யவும். கீழே விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே எனேபிள்ட் என்று இருந்தால் பிராசசர் வசதி ஆன் ஆகியுள்ளது. டிஸேபிள்ட் என்று இருந்தால், சண்டையே இன்னும் தொடங்கவில்லை. பயாஸ் செட்டப் சென்று முதலில் அதை ஆன் செய்ய வேண்டும். இன்டெல் எனில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்ற பெயரிலும், ஏ.எம்.டி. எனில் எஸ்.வி.எம். மோட் என்ற பெயரிலும் இருக்கும்.

பயாஸைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. பயாஸில் மாற்றம் செய்த பின் சில நேரம், 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீயைக் கேட்டு விண்டோஸ் நின்று விடும். உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக் கொண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வைக்கவும். கீ இல்லை என்றால் டிஸ்க்கில் உள்ள குடும்பப் போட்டோவும் இல்லை, அலுவலகக் கணக்கும் இல்லை.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்பர்மேஷன் என டைப் செய்து அந்தப் புரோகிராமைத் திறக்கவும். வலது பக்கப் பட்டியலின் இறுதிக்குச் செல்லவும். விர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி என்பதற்கு எதிரே ரன்னிங் என்று இருந்தாலோ, ஒரு ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டுள்ளது என்ற பொருளில் ஒரு வரி இருந்தாலோ, விண்டோஸ் இடத்தைப் பிடித்து விட்டது என்று பொருள்.

என்ன செய்யலாம்?

இங்கேதான் பலரும் அவசரப்படுகின்றனர். "எல்லாவற்றையும் ஆப் செய்" என்பதுதான் இணையத்தில் அதிகம் கிடைக்கும் யோசனை. என் யோசனை, முதலில் உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பார்ப்பது.

கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தின் பழைய கணக்குப் புரோகிராம் டாஸ் காலத்தது என்றால், விர்ச்சுவல் மெஷினே தேவை இல்லை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடாது என்பது உண்மை. ஆனால் டாஸ்பாக்ஸ் என்னும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம், பழைய பிராசசரைப் போலவே நடித்து அதை ஓட்டிக் காட்டும். பிராசசரின் அந்தச் சிறப்பு வசதியை இது தொடுவதே இல்லை என்பதால் சண்டையும் இல்லை. பில் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற பதிப்பைப் பயன்படுத்துங்கள். பிரிண்டர் வசதி அதில் உண்டு. டேட்டா போல்டரைக் காப்பி எடுத்து வைத்துக் கொண்டு அந்தக் காப்பியில் சோதித்துப் பார்க்கவும்.

எக்ஸ்பி காலத்துப் புரோகிராம் என்றால், முதலில் அதன் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி டேப் சென்று பழைய விண்டோஸ் பெயரைத் தேர்ந்தெடுத்து முயற்சி செய்யுங்கள். அதிலும் ஓடாவிட்டால்தான் விர்ச்சுவல் மெஷின். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்து விட்டது. ஆகவே அந்த மெஷினின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று இணைப்பைத் துண்டித்து விடவும். பழைய கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த எக்ஸ்பி லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

லினக்ஸ் பழக விரும்பும் மாணவருக்கு, கட்டளைகள் மட்டும் போதும் என்றால், மைக்ரோசாப்ட் தரும் டபிள்யூ.எஸ்.எல். வசதியே போதுமானது. அது ஹைப்பர்-வியின் மீதே ஓடுவதால் போட்டி இல்லை. இதன் சோர்ஸ் கோடையும் மைக்ரோசாப்ட் 2025 மே மாதம் திறந்து விட்டது. டெஸ்க்டாப்புடன் முழு லினக்ஸ் வேண்டும் என்றால் விர்ச்சுவல்பாக்ஸை ஆமையுடனேயே ஓட்டிப் பாருங்கள். லுபுண்டு, சுபுண்டு போன்ற கனம் குறைந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பிராசசர் கோர் தந்து, கெஸ்ட் அடிஷன்ஸையும் இன்ஸ்டால் செய்தால், பாடம் படிக்கத் தாராளமாகப் போதும். நான் உட்கார்ந்து அமைத்துத் தந்த இடங்களில் பெரும்பாலும் இத்துடன் பிரச்சினை முடிந்து விட்டது.

இதற்குப் பிறகும் முழு வேகம் தேவை என்பவர்களுக்கு மட்டும் இது. கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் பிரிவில் டர்ன் விண்டோஸ் பீச்சர்ஸ் ஆன் ஆர் ஆப் என்பதைக் கிளிக் செய்யவும். வரும் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்பார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்பார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றின் எதிரே உள்ள டிக் அடையாளங்களை எடுத்து விட்டு ஓகே கிளிக் செய்யவும். ஹோம் எடிஷனில் இவற்றில் சில இருக்காது. ரீஸ்டார்ட் செய்து ஆமை போய்விட்டதா எனப் பார்க்கவும். விர்ச்சுவல் மெஷின் பிளாட்பார்மை எடுத்து விட்டால் டபிள்யூ.எஸ்.எல். 2 ஓடாது என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

ஆமை அப்போதும் இருந்தால், மிச்சம் இருப்பது பெரும்பாலும் மெமரி இன்டக்ரிட்டிதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி சென்று, கோர் ஐசொலேஷன் டீடெய்ல்ஸ் என்பதில் இதனைக் காணலாம். ஆப் செய்ய ஒரு கிளிக் போதும். ஆனால் வங்கிக் கணக்கும் ஆதாரும் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டும் ஒரே லேப்டாப்பில் இருக்கும் வீட்டில் நான் இதை ஆப் செய்து தருவதில்லை. தனியாக ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதில் நேரடியாக லினக்ஸைப் போட்டுக் கொள்ளுங்கள். வேகமாகவும் இருக்கும்.

லினக்ஸ் பக்கம் மட்டும் அமைதியா?

இல்லை. அங்கே இடத்தைப் பிடித்து வைத்திருப்பது ஓப்பன் சோர்ஸான கே.வி.எம். முன்பு, தன்னிடம் ஒரு மெஷின் ஓடும் போது மட்டும் அது பிராசசர் வசதியைக் கையில் எடுக்கும். 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.12 முதல், கே.வி.எம். லோட் ஆன உடனேயே எடுத்துக் கொள்கிறது. விளைவு, அது வரை நன்றாக ஓடிக் கொண்டிருந்த விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின்கள், கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் திறக்க மறுத்தன. இரண்டும் ஓப்பன் சோர்ஸ்தான்! எனவே இதை நல்லவர், கெட்டவர் சண்டையாகப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. யார் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையத்தில் குடியிருக்கிறாரோ அவர் முந்துகிறார். லினக்ஸை ஹோஸ்ட்டாகப் பயன்படுத்துபவர்கள் கே.வி.எம்.மின் மீது ஓடும் விர்ட்-மேனேஜர் அல்லது க்னோம் பாக்ஸஸ் பயன்படுத்துவது எளிது. இரண்டும் இலவசம், தொல்லை குறைவு.

வெளியில் இருந்து வரும் மாடியூல்களை லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்கள் சந்தேகத்துடன் பார்ப்பதும் புதிதல்ல. 2011-இல் அவர்களில் ஒருவர், விர்ச்சுவல்பாக்ஸ் மாடியூல் தரும் பிழை அறிக்கைகளால் சலித்துப் போய், அதற்குக் 'குப்பை' என்று முத்திரை குத்தும் ஒரு மாற்றத்தையே முன்மொழிந்தார். இன்றும் செக்யூர் பூட் ஆன் ஆகியுள்ள உபுண்டுவில் விர்ச்சுவல்பாக்ஸ் போடும் போது ஒரு பாஸ்வேர்ட் அமைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் வரும் நீலத் திரையில் என்ரோல் எம்.ஓ.கே. என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். பயந்து போய் கன்டினியூ அழுத்தி விட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடாது.

லைசென்ஸ் சண்டைகள்

பிராசசருக்காக நடப்பது ஒரு சண்டை. உரிமைக்காக நடப்பது இன்னொன்று. 2009 ஜூலையில் மைக்ரோசாப்ட், ஹைப்பர்-விக்குள் லினக்ஸ் நன்றாக ஓடுவதற்கான டிரைவர்களை, சுமார் 20,000 வரிகள், ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டது. பெருந்தன்மை மட்டும் காரணமல்ல. அந்த டிரைவரில் ஜி.பி.எல். பகுதிகளும் மூடிய பகுதிகளும் கலந்திருந்ததை ஒரு லினக்ஸ் பொறியாளர் கண்டு சுட்டிக் காட்டி இருந்தார். 2015-இல் கிறிஸ்டோப் ஹெல்விக் என்ற கெர்னல் உருவாக்குநர், தன் லினக்ஸ் கோடை விஎம்வேர் தன் மூடிய சர்வர் சாப்ட்வேரில் விதி மீறிப் பயன்படுத்துகிறது என்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். எந்தெந்த வரிகள் அவருடையவை என்பது போதிய அளவில் நிரூபிக்கப்படவில்லை என்று 2016-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. 2019-இல் மேல்முறையீடும் தோற்றது. ஆனாலும் சர்ச்சைக்குள்ளான அந்தப் பகுதியை நீக்கப் போவதாக விஎம்வேர் அறிவித்தது.

விஎம்வேரை 2023-இல் பிராட்காம் வாங்கியது. 2024 மே மாதம் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவைத் தனி நபர்களுக்கும், நவம்பரில் அலுவலகங்கள் உட்பட எல்லோருக்கும் இலவசம் ஆக்கியது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலை எதிர்த்து, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் கடைசியில் இலவசப் பயணத்துடன் குடையும் தந்த கதையை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவர். அதனால் எனக்கு இலவசம் என்றாலே ஒரு சந்தேகம்! இருந்தாலும் வொர்க்ஸ்டேஷன் நல்ல புரோகிராம்தான். இலவசமாக இருக்கும் வரை பயன்படுத்தலாம். மெஷின் பைல்களை மட்டும் தனியே பேக்கப் எடுத்து வையுங்கள்.

அலுவலகத்தில் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைப் புரோகிராம் ஓப்பன் சோர்ஸ், அலுவலகத்திலும் இலவசம். அதே டவுன்லோட் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் அப்படி அல்ல. சொந்த உபயோகத்திற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்தினால் ஆரக்கிளிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். கஸ்டம்ஸ் வேலைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யு.எஸ்.பி.யில் செருகுபவர்கள், முன்பு யு.எஸ்.பி. 2.0, 3.0 வசதிக்காகவே இதை இன்ஸ்டால் செய்வார்கள். 2022-இல் வந்த 7.0 பதிப்பு முதல் அந்த வசதிகள் அடிப்படைப் புரோகிராமிலேயே சேர்க்கப்பட்டு விட்டன. மெஷினை ஆப் செய்து விட்டு, செட்டிங்ஸில் யு.எஸ்.பி. பிரிவில் 3.0 என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள பிளஸ் அடையாளத்தைக் கிளிக் செய்து உங்கள் டோக்கனின் பெயரைச் சேர்த்தால் போதும். டோக்கன் கெஸ்ட்டில் இருக்கும் வரை ஹோஸ்ட் விண்டோஸில் அது தெரியாது. வேலை முடிந்ததும் டிவைசஸ் மெனுவில் யு.எஸ்.பி. பிரிவில் அதன் டிக் அடையாளத்தை எடுத்து விட்டால் மீண்டும் விண்டோஸிற்கு வந்து விடும்.